இருக்கேன் சார்

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பின்புறம், வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டில் ஊரகக் குடிநீர் அறிவிப்புக் கழகம் நடக்கிறது. கழகத்துக்கு இரண்டே வேலைகள். குழாயைத் திறந்துவிடுவது ஒன்று. திறந்தாகிவிட்டது என்று மானகிரியிலும் சுற்றுப்பட்டிலும் உள்ள வீடுகளுக்குப் போனில் சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்கு வீரணன் என்று ஓர் ஆள் இருந்தார். இரண்டாவது வேலைக்குத்தான் இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர், அவர்களுக்கு மின்விசிறி, மின்விசிறிக்குப் பராமரிப்பு எல்லாம்.

அந்தப் போனில் பேசுகிற குரல் கூட வீரணனுடையதுதான். ஒரு மத்தியானம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். "வீரணன் பேசுறேன். தண்ணி தெறந்தாச்சு, எல்லாரும் வாங்க." அலுவலகத்தில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று அதை வீடு வீடாகப் போன் போட்டுச் சொல்லும். வீரணன் தன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்து, அவரையே தண்ணீர் பிடிக்கக் கூப்பிடும். மனைவி காளீஸ்வரி சிரிப்பாள். "போங்க, கூப்புடுறாகல்ல," என்பாள்.

போன மாசியில் ஒக்கூர் சாலை வால்வுப் பள்ளத்துக்குள் இறங்கிய வீரணன், மறுநாள் காலையில் பிணமாகத்தான் மேலே வந்தார். மூச்சு முட்டிச் செத்ததாகச் சொன்னார்கள். கழகம் பெரிய மாலை ஒன்று அனுப்பியது. அலுவலகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற தேவிகா என்ற பெண், யாரையும் கேட்காமல் அன்றே அந்தக் குரலை நிறுத்தி, போனில் வெறும் மணி மட்டும் அடிக்கும்படி வைத்தாள். அந்தக் கட்டிடத்தில் மனுஷத்தனமாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதையும் பிற்பாடு நவீனமயமாக்கல் வந்து சரிசெய்துவிட்டது.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் காலையில் மானகிரி வீட்டில் போன் அடித்தது. வீரணனின் தாயார் ராக்காயி எடுத்தாள்.

"வீரணன் பேசுறேன். தண்ணி தெறந்தாச்சு, எல்லாரும் வாங்க."

ராக்காயி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வாரேன்டா. நீ சாப்பிட்டியா? எங்குட்டுடா இருக்கே?" அவன் மறுபடியும் தண்ணீர் திறந்தாச்சு என்றான். கிழவி போனை வைத்தாள். நேரே போய், சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். "உசுரோட பேசுறவனுக்கு எவளாச்சும் மாலை போடுவாளா? கொண்டு போடு அங்குட்டு," என்று மருமகள் கையில் திணித்தாள்.

அன்றிலிருந்து தண்ணீர் வரும் நாளெல்லாம் இதே கூத்து. அடுக்களையில் இருக்கிற காளீஸ்வரிக்கு அந்தக் குரல் கேட்டதும் அவரிடம் கொடுக்கக் கை தானாகத் துண்டை எடுக்கும். வாசல்வரை போய்விடுவாள். அப்புறம்தான் நினைவு வந்து அப்படியே நிற்பாள். முதலில் பயந்தாள். பிறகு ஆத்திரப்பட்டாள். அதற்கும் பிறகு, இன்னொரு தடவை கேட்டால் தேவலை என்று ஆசை வந்தது. அந்த ஆசைதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

தை பிறந்தது. அடுத்த மாதம் தலைத்திவசம். பேச்செடுத்ததுமே ராக்காயி எரிந்து விழுந்தாள். "நேத்துக்கூட எங்கூடப் பேசினான். எம் மவனுக்குத் திவசமா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அந்தக் குரல் நின்றால்தான் கிழவி அழுவாள். கிழவி அழுதால்தான் திவசம் நடக்கும். காளீஸ்வரி இறப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறினாள்.

கழகத்தின் முற்றத்தைத் தாண்டித் தூண் ஓரமாக நின்றபோது, உள்ளறையிலிருந்து ஓர் இயந்திரக் குரல் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன் சார்."

பதில் சொன்னது வீரணன். மேசையில் இருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் வடையைக் காகிதத்தில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன் சார்."

போனில் வருகிற குரல் அல்ல இது. இதில் இளைப்பு இருந்தது. படி ஏறி வந்தவன் பேசுகிற மாதிரி. அவர் இப்படி மூச்சு வாங்கிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

இயக்குநர் முத்துராமன் நல்ல மனிதர். யார் வந்தாலும் விளக்கம் சொல்லாமல் அனுப்பமாட்டார். வந்தவள் எதற்கு வந்தாள் என்று கேட்கும் முன்பே, நெற்றியில் சந்தனம் குங்குமம் துலங்க மேசைமேல் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பிள்ளையார்பட்டியில் அதன் பேருக்கு அர்ச்சனையே நடந்ததாம். நட்சத்திரம் கேட்டதற்கு, வாங்கிய தேதியைச் சொல்லிச் சமாளித்தாராம்.

"முன்னாடி இது வெறும் கம்ப்யூட்டர்மா. ஒரு புரோகிராம் ஓடும், வேணாம்னா நிறுத்திருவோம். அது ஒரு நிர்வாகமா? இப்ப ஒவ்வொரு வேலையையும் தனித்தனி கன்டெய்னர்ல போட்டுட்டோம். பெட்டின்னு வச்சுக்கங்க. அந்தப் பெட்டிகளை மேய்க்க மேல ஒரு ஏற்பாடு. ஆர்க்கெஸ்ட்ரேஷன்னு பேரு. ஆயிரம் மெஷினு இருக்கிற பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இதைத்தான் வச்சிருக்காக."

"இங்க எத்தனை இருக்குங்கய்யா?"

"ஒண்ணு. எண்ணிக்கையா முக்கியம்? அமைப்புதான் முக்கியம்."

இந்த அமைப்பு உட்கார்ந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னால் பொழுது போய்விடும். இந்த ஏற்பாட்டில் ஓர் இயந்திரம் தலைமை, மற்றவை வேலையாட்கள். கழகத்தில் இருந்தது ஒன்று. ஆகவே அதைத் தலைமையாக்கினார்கள். தலைமை இயந்திரம் எந்த வேலைப் பெட்டியையும் ஏற்றுக்கொள்ளாது என்பது அதற்குள்ளேயே எழுதி வைத்த விதி. ஐப்பசி முழுக்க ஒரு வீட்டுக்கும் போன் போகவில்லை. எல்லாப் பெட்டியும் "காத்திருப்பில்" என்று காட்டிக்கொண்டு கிடந்தன. அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைமை வேலை செய்யாமல் இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கடைசியில் தேவிகாதான் அந்த விதியைத் தளர்த்த அனுமதி கேட்டாள். "தலைமையையே வேலை செய்யச் சொல்றதா?" என்று துணை இயக்குநர் மனம் நொந்து ஒரு வாரம் லீவு போட்டார்.

விதி தளர்ந்ததும், எது எது ஓட வேண்டும் என்று அந்த ஏற்பாடு பழைய அமைப்பைப் புரட்டிப் பார்த்தது. அறிவிப்புக்கு ஒரு வீரணன் ஓட வேண்டும் என்று இருந்தது. ஓடவில்லை. எழுப்பிவிட்டது.

"எங்க வீட்டுக்காரவுக செத்து வருசம் ஆகப்போகுதுங்கய்யா," என்றாள் காளீஸ்வரி. "அவுக குரலு மட்டும் நிக்காம வருது. எங்க அத்தை புள்ளை உசுரோட இருக்குன்னு உக்காந்திருக்கு. அதை நிறுத்திருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நிறுத்தணுமா? பாருங்க," என்று உற்சாகமானார் முத்துராமன். "தேவிகா, வீரணனைக் கொஞ்சம் சாகடிம்மா."

தேவிகா தலையைக் குனிந்தபடி எதையோ தட்டினாள்.

"இருக்கியா?" என்றது இயந்திரம்.

பதில் இல்லை. வடைக்காரர் கூட நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன் சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். "பாத்தீகளா!" என்றார் இயக்குநர். "இதுக்காகத்தான் மாநில அளவுல நமக்குக் கேடயம் குடுத்தாக. எத்தனை தடவை சாகடிச்சாலும் எந்திரிச்சு வந்துருவாரு. இன்னொரு தடவை பாக்குறீகளா?"

காளீஸ்வரி தேவிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்கய்யா. அவுகள மறுபடி மறுபடி சாகடிக்காதீக."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் இருண்டது. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. முற்றத்தில் புறா சடசடக்கும் சத்தம் மட்டும். அப்பாடா என்று அவளுக்கு நெஞ்சு ஆறியது. ஆறிய நெஞ்சுக்குள்ளேயே, ஐயோ இவ்வளவுதானா என்று ஒன்று கிடந்து அடித்துக்கொண்டது.

கரண்ட் வந்தது. "இப்ப தேர்தல் நடக்குது, பேசாம இருங்க," என்று வாயில் விரலை வைத்தார் இயக்குநர். ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த இயந்திரம் தலைமைக்குத் தேர்தல் வைக்கும். அதுவே நிற்கும், அதுவே ஓட்டுப் போடும், அதுவே ஜெயிக்கும். "போட்டியே இல்ல. நம்ம சொசைட்டித் தேர்தல் மாதிரி அமைதியா முடிஞ்சுரும்."

முடிந்தது. உடனே காளீஸ்வரியின் பைக்குள் செல்போன் அடித்தது. எடுத்தாள். "வீரணன் பேசுறேன்." வைத்தாள். மறுபடி அடித்தது. "வீரணன் பேசுறேன்." போக வேண்டிய அழைப்பெல்லாம் சேர்ந்து போகிறது என்றார் இயக்குநர், ஒன்றுகூட வீணாகாதாம். மானகிரியில் கிழவி இந்நேரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபடி காளீஸ்வரி போனை அணைத்தாள்.

"அப்ப இதுக்கு என்னதாங்கய்யா வழி?"

"வழியா இல்ல? ஒரு வீரணன் ஓடணும்னு இருக்கிறதை, யாரும் ஓட வேணாம்னு மாத்தினாப் போதும். அறிவிப்புப் பிரிவுப் பொறுப்பாளர் ஒப்புதல் குடுத்தா அடுத்த நொடியே மாத்திரலாம்."

"அவரு யாருங்கய்யா?"

முத்துராமன் திரையைப் பார்த்தார். "வீரணன்."

"அவுகதான் செத்துப் போயிட்டாகளே!" பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

அவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இது போன வருசத்துத் தகவல்மா. அந்தா பாருங்க, பச்சை விளக்கு. சிஸ்டத்துல நலமா இருக்காரு. நாங்களா சொல்லலை, கேட்டுக் கேட்டுல்ல உறுதிப்படுத்துறோம்."

"இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"கேட்டீகளா?" என்றார்.

தேவிகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். நிறுத்தத்தான் ஒப்புதல் வேண்டும், குரலை மாற்ற ஒப்புதல் தேவையில்லை. வேறு ஒரு குரலைப் புதுப் பெட்டியில் வைத்து எழுப்பி, அது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், பழைய பெட்டி தானாகப் படுத்துவிடும். "புதுசு எந்திரிச்ச பிறகுதான் அக்கா பழசு போகும். நடுவுல ஆள் இல்லாம விடாது."

"ஒரு நொடி கூட அறிவிப்பு இல்லாம ஊரு இருந்துறக் கூடாது பாருங்க," என்றார் இயக்குநர். ஐப்பசி மாதம் அவர் நினைவில் இல்லை.

"யாரு குரலு வேணும்?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"யாரு குரலா இருந்தா என்ன?" என்றார் அவர்.

"அப்ப என் குரலை எடுத்துக்கங்க," என்றாள் காளீஸ்வரி.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் பணியை மனைவி தொடர்வது என்று படம் எடுத்துப் பேப்பருக்கு அனுப்பச் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று தானே உட்கார்ந்து எழுதித் தந்தார். காளீஸ்வரி ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து தடுமாறித் தடுமாறிப் படித்தாள். "வணக்கம். ஊரகக் குடிநீர் அறிவிப்புக் கழகத்தின் இயக்குநர் உயர்திரு முத்துராமன் அவர்களின் சீரிய வழிகாட்டுதலில், நவீனத் தொழில்நுட்பத்தின் துணையோடு, மானகிரி மக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

பெட்டி எழவில்லை. "காத்திருப்பில்" என்றது திரை.

"இடம் பத்தலை சார்," என்றாள் தேவிகா. "மெஷின்ல முக்கால்வாசி இடத்தை மேய்க்கிற ஏற்பாடே பிடிச்சுக்கிட்டிருக்கு. மிச்சத்துல பழைய பெட்டி. அது போனாத்தான் இது உள்ள வரும். இது வந்தாத்தான் அது போகும்."

முத்துராமன் பரவசத்தோடு தலையாட்டினார். "நம்ம இலாகாவேதான்மா! பழைய அதிகாரி எந்திரிச்சாத்தான் புது அதிகாரிக்கு நாற்காலி. புதியவரு வந்து பொறுப்பேத்தாத்தான் பழையவரு எந்திரிப்பாரு. எவ்வளவு தத்ரூபமா எழுதியிருக்கான் பாருங்க!"

வாசகத்தைக் குறைக்க முடிவானது. முதலில் வணக்கத்தை எடுத்தார்கள். இடம் பற்றவில்லை. மகிழ்ச்சியை எடுத்தார்கள். பற்றவில்லை. மானகிரியை எடுத்தார்கள், மக்களை எடுத்தார்கள். நெடுநேரம் யோசித்துத் தண்ணீரையும் எடுத்தார்கள். உயர்திரு முத்துராமன் அவர்களின் சீரிய வழிகாட்டுதல் மட்டும் எஞ்சி நின்றது. அப்போதும் பெட்டி உள்ளே போகவில்லை.

காளீஸ்வரிக்கு அலுத்துவிட்டது. "அவுகளுது மட்டும் எப்படித் தாயி உள்ள போச்சு?" என்று தேவிகாவிடம் கேட்டாள். "அந்த 'இருக்கேன் சார்'. அதை எப்பப் பதிஞ்சீக? எங்கிட்ட அவுக சொல்லவே இல்லையே."

தேவிகாவின் விரல்கள் நின்றன.

"அது பதிஞ்சது இல்லக்கா. ஆபீஸுக்கு வார போனெல்லாம் தானாப் பதிவாகும். அதுல இருந்து வெட்டி எடுக்கச் சொன்னாக. குரல் தெளிவா இருந்துச்சுன்னு."

"எந்தப் போனு?"

தேவிகா இயக்குநரைப் பார்த்தாள். அவர், போடு போடு, வெளிப்படைத்தன்மை நம்ம கொள்கை என்றார். அவள் தட்டினாள். அறை முழுக்க வீரணனின் மூச்சு வந்தது.

"சார்... ஒக்கூர் ரோட்டுப் பள்ளத்துக்குள்ள இருக்கேன் சார். ஏணி முறிஞ்சு போச்சு. ஏற முடியல. மூச்சு முட்டுது சார். யாரையாச்சும் அனுப்புங்க. சார்... இருக்கீகளா சார்?"

அதற்குப் பிறகு அதில் சத்தம் இல்லை. அந்த இளைப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது காளீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தப் போனை எடுத்துக் கேட்டது யாருங்கய்யா?"

"அன்னைக்கே கேட்டோம்மா," என்றார் முத்துராமன், ஒளிக்க ஒன்றுமில்லாதவராக. "பள்ளத்துல இருக்கேன்னு சொல்லியிருக்காரு. அவரு வேலையிடமே பள்ளம்தானே? பணியில் இருக்கிறார்னு போட்டாச்சு. வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருந்தாத்தான் நாங்க விசாரிச்சிருப்போம்."

"அவுக இருக்கீகளான்னு கேட்டாகளே. நீங்க ஒருத்தராவது, அன்னைக்கு ஒரு தடவையாவது, திருப்பி அவுகள இருக்கியான்னு கேட்டீகளா?"

முத்துராமன் ஒரு கணம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

"அப்ப இந்த வசதி இல்லம்மா," என்றார்.

"இருக்கியா?" என்றது இயந்திரம்.

"இருக்கேன் சார்," என்றார் வீரணன் பள்ளத்துக்குள்ளிருந்து.

காளீஸ்வரி ஒலிவாங்கியை இழுத்தாள். இயக்குநர் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. "தாயி, அமுக்கு," என்றாள் தேவிகாவிடம். தேவிகா அமுக்கினாள்.

"அவுக இல்ல. தண்ணி வந்திருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பெட்டி உள்ளே போனது. திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள் வந்தன.

"இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"அவுக இல்ல. தண்ணி வந்திருச்சு."

ஒரே ஒரு தடவை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பதில் சொன்னார்கள். கொஞ்சம் பொறு என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அதற்குள் மேல் வரி மறைந்துவிட்டது.

"இருக்கியா?"

"அவுக இல்ல. தண்ணி வந்திருச்சு."

பச்சை விளக்கு எரிந்தது.

"சார், கேள்விக்கு இது பதிலாகுமா? இல்லைன்னுல்ல சொல்லுது?" என்று கண்காணிப்பாளர் இழுத்தார்.

முத்துராமன் அவரைக் கண்டிப்போடு பார்த்தார். "பதில் வருதா இல்லையான்னு பாக்குறதுதான்யா நம்ம வேலை. என்ன சொல்லுதுன்னு கேக்க நமக்கு விதி கிடையாது." பிறகு காளீஸ்வரியிடம் திரும்பி, பேருந்து நிலையம் வரை ஜீப்பில் விடச் சொல்லட்டுமா என்று அன்பாகக் கேட்டார். அவள் படியிறங்கினாள்.

அடுத்துத் தண்ணீர் வந்த நாள் காலையில் மானகிரி வீட்டில் போன் அடித்தது. காளீஸ்வரி அடுக்களையை விட்டு வரவில்லை. ராக்காயி எடுத்தாள். "வாரேன்டா," என்று எப்போதும்போல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். போன் சொல்வதைக் கேட்டாள். வைக்காமல் மறுபடியும் கேட்டாள்.

"காளி, இது ஒன் கொரலுல்ல?"

"ஆமா அத்தை."

"நெசமாவா சொல்றே?"

காளீஸ்வரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நெசந்தான் அத்தை. அவுக இல்ல."

தெருவில் ஒவ்வொரு வீட்டுப் போனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. குடத்தோடு வந்தவர்கள் குழாயைத் திறக்காமல் இந்த வீட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே ராக்காயி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். "எம் மவனே" என்று அவள் போட்ட ஒரே சத்தத்தில் குடங்களைக் கீழே வைத்துவிட்டுப் பொம்பளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். ஒரு வருஷத்து அழுகையைக் கிழவி அன்றைக்கு அழுதாள்.

வெயில் ஏறியபின் எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். வெறும் படத்தின் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏத்தா," என்று மருமகளைக் கூப்பிட்டாள். "அந்த மாலையை எங்குட்டு வச்சிருக்கே?"